பழைய டிராகுலா படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இவற்றை ஏன் கிளாசிக் என்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் விளக்கமும் கொடுத்திருக்கிறார். 1922-ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தை இணையத்தில் பார்த்தாராம். வெயில் பட்டால் செத்துவிடும் ரத்தக் காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவோடு போகிறதாம், அதுவும் குடுகுடுவென்று. நண்பர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இதைப் போய் எதற்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்கிறார்.

படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் பார்த்தது அந்தப் படமே இல்லை.

அது பகல் இல்லை, ராத்திரி. அந்தக் காலத்து பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் பதியாது. அதனால் இரவுக் காட்சியையும் வெயிலில்தான் எடுப்பார்கள். அப்புறம் தியேட்டருக்குப் போகும் பிரிண்டில் அந்தத் துண்டுகளை மட்டும் நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். நீலம் வந்தால் இரவு. மஞ்சள் வந்தால் பகல், அல்லது விளக்கெரியும் அறை. இளஞ்சிவப்பு வந்தால் விடியல் அல்லது அந்தி. 1922-ல் பெர்லினில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நமக்கு மங்கலான பிளாஷ்பேக் என்றால் உடனே புரிவது மாதிரி அவர்களுக்கு அது புரியும்.

பிற்பாடு பிரதி மேல் பிரதி எடுத்தவர்கள் வெறும் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்தார்கள். சாயம் போனது, இரவும் போனது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வெளுத்த பிரதிகள்தான். குடுகுடு நடைக்கும் காரணம் உண்டு. நொடிக்குப் பதினெட்டு பிரேம் வாக்கில் ஓட வேண்டியதை இருபத்து நான்கில் ஓட்டினால் எவர் நடந்தாலும் அப்படித்தான் இருக்கும். 2006 வாக்கில், படத்தை இயக்கிய முர்னோவின் பெயரில் ஜெர்மனியில் இருக்கும் அறக்கட்டளைக்காக இந்தப் படத்தைச் சீர்செய்தபோது, பிரான்சில் பத்திரமாக இருந்த சாயமேற்றிய பழைய பிரிண்டைப் பார்த்துத்தான் நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரதியில் அதே ஆள், அதே சவப்பெட்டி, அதே தெரு. ஆனால் நீல இருட்டில், ஊரே அடங்கின நேரத்தில், நிதானமாகப் போகிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்கிறீர்களே, அந்த விதியை உண்டாக்கினதே இந்தப் படம்தான். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். கடைசியில் அவனைக் கொல்வது கத்தி. ‘நோஸ்ஃபெராட்டு’வில்தான் முதல்முறையாகச் சேவல் கூவி, ஜன்னல் வழியே வெயில் வந்து, அந்தப் படத்தின் காட்டேரியான ஓர்லாக் பிரபு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புகையாகிப் போகிறான். நூறு வருஷமாகப் பெரும்பாலான படங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு வருகின்றன. அந்தப் படம் கொடுத்த விதியை வைத்தே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் படம் நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம். தயாரித்த கம்பெனியின் பெயர் பிராணா பிலிம். ஆமாம், நம்முடைய பிராணன்தான். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அல்பின் கிராவுக்கு மறைஞான விஷயங்களில் ஈடுபாடு உண்டு. நாவலுக்கு உரிமை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். கம்பெனி திவாலானது. 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த அம்மா பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், புருஷனின் புத்தகத்தைத் திருடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆனால் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட சில பிரதிகள் தப்பித்தன. நாம் பார்ப்பது அவற்றைத்தான்.

இவ்வளவு அடித்துச் சொல்ல நீ யார் என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். நான் திரைப்படக் கல்லூரியில் படித்தவன் இல்லை. தாராபுரம் பக்கம் ஒரு ஊரில் தியேட்டர் ஆப்பரேட்டரின் மகன். பிரிண்ட் என்றால் என்ன, வெட்டு என்றால் என்ன, ஒட்டு என்றால் என்ன என்பதை அப்பாவின் கேபினில் வளர்ந்து கற்றுக்கொண்டவன்.

எங்கள் ஊர் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் வரும். 1978 என்று நினைவு, எனக்குப் பதினொரு வயது. பிரிட்டனின் ஹேமர் கம்பெனி எடுத்த 1958-ம் வருஷத்து ‘டிராகுலா’ வந்தது. கிறிஸ்டோபர் லீயும் பீட்டர் குஷிங்கும் நடித்தது. ‘ஏ’ படம் என்பதால் என்னைக் கீழே விட மாட்டார்கள். கேபினில், புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரியும் சூட்டில், சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

முதலில் லீ படிக்கட்டின் உச்சியில் வெறும் நிழலாகத்தான் நிற்பார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள். அவர் விறுவிறுவென்று இறங்கி வந்து, படித்த கனவான் மாதிரி விருந்தாளியிடம் மரியாதையாகப் பேசி, பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போகிறார். விசில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள், கதவைத் திறந்துகொண்டு, கண் முழுக்கச் சிவந்து, வாயோரம் ரத்தத்தோடு நிற்கிறார். கலரில். அதுவரை பெரிய டிராகுலா படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. டிராகுலாவின் வாயில் ரத்தத்தின் சிவப்பை இந்தப் படத்தில்தான் உலகம் பார்த்தது. கீழே முதல் வகுப்பில் யாரோ எழுந்து ஓடி, கதவு படாரென்று அடித்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

கடைசிக் காட்சியில் குஷிங் நீள மேஜை மேல் ஓடிப்போய்ப் பாய்ந்து ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்துக் கிழிப்பார். வெயில் டிராகுலாவின் காலில் விழும். இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்து, சிலுவையாகக் காட்டி, அவனை வெயிலுக்குள் தள்ளிக்கொண்டே போவார். கால் சாம்பலாகிறது, கை சாம்பலாகிறது. அப்புறம் சட்டென்று படம் தாவியது. முகம் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது.

காட்சி முடிந்து அப்பா கடைசி ரீலை ரீவைண்டரில் போட்டுச் சுற்றினார். பிலிமின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே விட்டுக்கொண்டே சுற்றுவார். பிலிமை வெட்டி ஒட்டின இடம் வந்தால் விரலில் தட்டும். படம் தாவின இடம் வந்ததும் நிறுத்தி, பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணு, இங்க கையை வெச்சுப் பாரு. ஒட்டே இல்ல பாரு. ஆனா படம் தாவுது. இது இங்க யாரும் வெட்டினது இல்ல, வரும்போதே இப்படித்தான் வந்திருக்குது. இதுக்கு நடுவுல பத்துப் பதினஞ்சு அடியாவது போயிருக்கணும்.”

எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இந்த இடத்தில் 1931-க்குப் போய்விட்டு வருகிறேன். டாட் பிரவுனிங் இயக்கி யுனிவர்சல் எடுத்த ‘டிராகுலா’வைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுசாகாது. பேலா லுகோசி நடித்தது. சட்டையும் கோட்டும் மேலங்கியும் போட்டு, வாரிச் சீவின தலையோடு, டிராகுலா என்றதும் நம் மனசில் வரும் ஆள் அவர்தான். நியூயார்க்கில் 1927 முதல் மேடையில் அதே வேஷம் போட்டு வந்தவர். அந்தப் படத்தில் கோரைப்பல் கிடையாது, கழுத்தில் ரத்தம் கிடையாது. கண் மட்டும்தான். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் ஜெர்மனியில் முர்னோவோடு வேலை செய்தவர். லுகோசியின் கண்கள் மேல் மட்டும் விழும்படி சின்னச் சின்ன விளக்கு வைத்து எடுத்தார். படிக்கட்டில் ஒரு பெரிய சிலந்தி வலை இருக்கும். லுகோசி அந்தப் பக்கம் போய்விடுவார், வலை கிழிந்திருக்காது. பின்னால் வரும் விருந்தாளி தடியால் விலக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். இதற்கு என்ன கிராபிக்ஸ் வேண்டும்?

படத்தில் பின்னணி இசை கிடையாது என்றே சொல்லலாம். பெயர் போடும்போது ‘ஸ்வான் லேக்’ கொஞ்சம் வரும், பிறகு அமைதி. பேசும் படம் வந்து கொஞ்ச வருஷமே ஆன காலம். இந்த அமைதி சலிப்பாக இருக்கிறது என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் படத்துக்கு மேல் நாடகம் மாதிரி ஆகிவிடுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் இருபது நிமிஷத்தை விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

அதே செட்டில் ராத்திரி ஷிப்டில் ஸ்பானிஷ் மொழியில் இன்னொரு ‘டிராகுலா’வும் எடுத்தார்கள். ஜார்ஜ் மெல்ஃபோர்ட் இயக்கினார், கார்லோஸ் வில்லாரியாஸ் நடித்தார். அதில் கேமரா இன்னும் நன்றாக நகரும். ஆனால் லுகோசி இல்லை. எனக்கு அதுவே பெரிய குறை.

அந்தப் படத்துக்கு லுகோசிக்குக் கிடைத்தது வாரம் 500 டாலர், ஏழு வாரம், மொத்தம் 3,500 டாலர். யுனிவர்சல் அந்தப் படத்தால் எழுந்து நின்றது. இவர் கடைசிவரை அந்த ஒரு வேஷத்துக்குள்ளேயே அடைபட்டு, வறுமையில் கிடந்து, 1956-ல் இறந்தார். டிராகுலா அங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

இதை எழுதும்போது அப்பா ஞாபகம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் ஒரே தியேட்டரில் வேலை பார்த்தார். டிஜிட்டல் வந்ததும் ஆப்பரேட்டர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷமே தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். அப்பாவுக்குப் பணிக்கொடை என்று ஒன்று உண்டு என்பதையே நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். கையில் கொடுத்தது இரண்டு மாதச் சம்பளமும் ஒரு வேட்டி சட்டையும். கேட்கப் போனபோது, ரிஜிஸ்டரில் பெயரே இல்லை என்றார்கள். அவர் வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைத்த இரண்டு புரொஜெக்டரும் எடைக்குப் போயின. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம், எனக்கே தெரியும். நம் ஊரில் சினிமாவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அந்த இருட்டு அறையில் கார்பன் புகையைக் குடித்துக்கொண்டு படம் காட்டினவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

டோக்கியோவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஹேமர் ‘டிராகுலா’வின் பழைய ஜப்பானியப் பிரிண்ட் ஒன்றின் பின்பாதி ரீல்கள் கிடைத்தன. பிரிட்டனில் தணிக்கைக்காக எடுத்துவிட்ட துண்டுகள் அதில் இருந்தன. அவற்றைச் சேர்த்துச் சீர்செய்து 2013-ல் டிஸ்க்காக வெளியிட்டார்கள். லண்டனில் இருக்கும் தங்கை மகனிடம் சொல்லி வரவழைத்தேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்.

கடைசிக் காட்சி வந்தது. வெயில் விழுந்தது, கால் போனது, கை போனது. 1978-ல் தாவின அதே இடம். இந்தத் தடவை தாவவில்லை. லீ தன் முகத்தைத் தானே கையால் பிறாண்டுகிறார், முகச் சதை விரலோடு வழண்டு வருகிறது. சில நொடிகள்தான்.

அப்பா ரிமோட்டைக் கேட்டு வாங்கினார். இரண்டு முறை பின்னால் தள்ளிப் பார்த்தார். விரல்களை மடக்கி எண்ணினார். “நொடிக்கு ஒன்றரை அடி பிலிம் ஓடும். நான் சொன்ன அளவு இல்ல, கொஞ்சம் கம்மி. ஆனா வெட்டு வெட்டுதான்” என்றார். அவருக்கும் அந்த ஒட்டில்லாத இடம் முப்பத்தைந்து வருஷம் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், பழைய படம் பயமுறுத்தவில்லை என்றால் முதலில் பிரிண்டைச் சந்தேகியுங்கள்.

மற்ற காலத்துக் காட்டேரிப் படங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். கோரைப்பல்லை முதலில் காட்டியது லீதான் என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம்: அவருக்கு முன்பே 1953-ல் துருக்கிப் படத்திலும், 1957-ல் ஹெர்மன் ரோப்ளெஸ் நடித்த மெக்சிகோ படத்திலும் பல் உண்டு. லீ ஹேமருக்காக ஏழு முறை டிராகுலா ஆனார். 1966-ல் வந்ததில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. வசனம் மோசமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்றார் அவர், நான் எழுதவே இல்லை என்றார் கதாசிரியர். அதற்கு அடுத்த வருஷம் லாகூரில் ‘ஜிந்தா லாஷ்’ எடுத்தார்கள். ஹேமர் பாணியை உருதுவுக்குக் கொண்டுவந்து, பாட்டும் டான்ஸும் சேர்த்து. அதைக் கேலி செய்பவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கும்.

1979-ல் வெர்னர் ஹெர்ட்சாக் ‘நோஸ்ஃபெராட்டு’வை மறுபடி எடுத்தார். அதில் காட்டேரியின் பெயர் டிராகுலா. கிளாஸ் கின்ஸ்கியின் முகம் அப்படியே 1922 படத்தில் காட்டேரியாக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் மொட்டைத் தலை, எலிப் பல், நீள நகம். ஆனால் கண்ணில் சோகம். சாக முடியவில்லையே என்று வருந்துகிற காட்டேரி. ஆயிரக்கணக்கான வெள்ளை எலிகளை வாங்கிச் சாம்பல் நிறம் பூசி விட்டார்களாம். அந்த எலிகளுக்காக எனக்கு வருத்தம் உண்டு, படத்துக்காக இல்லை.

1992-ல் கொப்போலா கம்ப்யூட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய காலத்துக் கேமரா வித்தைகளை வைத்தே ‘டிராகுலா’ எடுத்தார். கேரி ஓல்ட்மேனின் நிழல் அவரை விட்டுவிட்டுத் தனியாக நகரும். அதில் டிராகுலா, நாவலில் உள்ளபடி, பகலில் லண்டனில் நடந்து, ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு புதிதாக வந்திருக்கும் சினிமாவைப் பார்க்கப் போவான். அந்த இடத்தில் புரொஜெக்டரின் கடகட சத்தம் கேட்கும். அப்பா அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2008-ல் வந்த ‘ட்வைலைட்’டில் வெயில் பட்டால் காட்டேரி வைரம் மாதிரி மின்னுகிறான். ரசிகர்கள் என்மேல் பாய வேண்டாம். என் மகளுக்கு அந்தப் படம் உயிர், அவளோடு தியேட்டரில் பார்த்தேன். ஆனால் வெயிலுக்குப் பயப்படாத காட்டேரியை எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே வருஷம் வந்த சுவீடன் படம் ‘லெட் த ரைட் ஒன் இன்’ பார்த்தீர்களா? வாசலில் நின்று “உள்ளே வரலாமா” என்று கேட்கும் சின்னப் பெண். அழைக்காமல் உள்ளே வந்ததும் உடம்பெல்லாம் ரத்தம் கசியும். பழைய விதி ஒன்றை எடுத்து அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

2024-ல் ராபர்ட் எக்கர்ஸும் ‘நோஸ்ஃபெராட்டு’வை எடுத்தார், 35 மி.மீ. பிலிமில். அதன் நிலா வெளிச்சக் காட்சிகளில் நிறமெல்லாம் வடிந்து, நீலம் மட்டும் லேசாக நிற்கும். பார்த்ததும் எனக்கு 1922-ன் அந்தச் சாயம்தான் தெரிந்தது. அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஆகவே, கேட்டவருக்கு: ‘நோஸ்ஃபெராட்டு’வை மறுபடி தேடுங்கள். முர்னோ அறக்கட்டளையின் சீர்செய்த பிரதி என்று போட்டிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். பிரதி ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்றால் அதை மூடிவிடுங்கள். சவப்பெட்டியோடு நடக்கும் காட்சிக்கு வாருங்கள். திரை நீலமாக இருந்தால் சரியான பிரதி. நண்பர்களையும் கூட்டி உட்காரவைத்துப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் இங்கேயே வந்து எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன்.